குருமனையில் தொடங்க வேண்டிய வேலை: சபையில் மனநலம் பேண ஒரு வழிகாட்டி

எங்கள் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) செயலராக நான் இருந்த காலத்தில், ஓர் அசனப் பண்டிகை (சபையார் கூடி உண்ணும் விழா) இரவு, அண்டா குண்டான்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஆலயத்தைப் பூட்டப் போனேன். ஆலயத்தின் அங்கி அறையான வெஸ்திரியில் விளக்குப் போடாமல் எங்கள் போதகரான ஐயர் உட்கார்ந்திருந்தார். மாலை ஆராதனைக்கு அணிந்த வெள்ளை அங்கி அப்படியே உடம்பில் இருந்தது. “கழத்த முடியல தம்பி, ஒவ்வொரு பொத்தானா அவுக்கணும்னு நெனச்சாலே கை எழும்ப மாட்டேங்குது” என்றார். அருகில் உட்கார்ந்து நானே பொத்தான்களை அவிழ்த்தேன். மறுவாரம் மனநல மருத்துவர் அதை மனச்சோர்வு நோய் என்று சொன்னபோது, முந்தைய மூன்று மாதத்துக் கமிட்டி மினிட் புத்தகம் நினைவுக்கு வந்தது. “வீடு சந்திப்பு குறைந்துவிட்டது”, “பிரசங்கம் முன்போல் இல்லை”, “ஐயர் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை” என்று மூன்று கூட்டங்களில் மூன்று புகார்கள் பதிவாகியிருந்தன. மருத்துவர் நோயின் அறிகுறிகளாகக் குறித்துக்கொண்ட அதே மூன்றையும் நாங்கள் குற்றச்சாட்டுகளாக எழுதி வைத்திருந்தோம். அந்தக் கையெழுத்து என்னுடையது.

அதனால்தான், சபையில் மனநலத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம், முதலில் போதகர் குடியிருக்கும் குருமனையைப் பாருங்கள் என்று சொல்கிறேன். தன் மனம் களைத்துப்போனதைப் போதகர் வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத சபையில், மகனுக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன என்று ஒரு தாயோ, மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்று ஒரு கல்லூரி மாணவியோ சொல்ல முன்வர மாட்டார்கள்.

போதகரின் சுமையைச் சபையார் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டே அளக்கிறார்கள். காலையில் ஒரு பிள்ளையின் அடக்க ஆராதனையை நடத்தி, கல்லறைத் தோட்டத்து மண் காலில் ஒட்டியிருக்கும்போதே மாலையில் ஒரு திருமண வீட்டில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டிய நாள்கள் அவருக்கு உண்டு. தவக்காலமான லெந்து நாள்கள் நாற்பதிலும் வீட்டு ஜெபக்கூட்டங்கள், கட்டட நிதி, கமிட்டித் தேர்தலில் இரு பக்கத்தாரும் தன் பக்கம் இழுக்கும் இழுப்பு, நள்ளிரவில் வரும் தொலைபேசி என்று இவை ஓயாமல் தொடர்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணிமாற்றம் வரும். பிள்ளைகள் பள்ளியை மாற்ற வேண்டும், மனைவி தன் வேலையை விட வேண்டும், குடியிருக்கும் வீடும் சபையுடையது. திருமண்டலங்களை (பல சேகரங்களை உள்ளடக்கிய திருச்சபை அமைப்புகளை) சேராத தனிச் சபைகளின் ஊழியருக்கோ மாதச் சம்பளம் என்ற ஒன்றே இல்லாமல், காணிக்கைப் பெட்டியை நம்பித்தான் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவர் பெலவீனமாக இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது கொடுமை.

ஆகவே, சேகரக் கமிட்டி முதலில் செய்ய வேண்டியது ஓய்வுநாளை எழுத்தில் உறுதிப்படுத்துவது. திங்கட்கிழமையே பொருத்தம் என்பது என் அனுபவம். அன்று குருமனைத் தொலைபேசியை யார் எடுப்பது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். பொறுப்பாளரின் பெயர் குறிப்பிடாத ஓய்வு ஓய்வாக நிலைக்காது. எங்கள் சபையில் இரண்டு மூப்பர்கள் மாதம் மாறி மாதம் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். மரணமும் விபத்தும் தவிர வேறெதற்கும் திங்களன்று குருமனைக் கதவைத் தட்டுவதில்லை என்று ஆலய அறிவிப்பில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசித்தோம். முதல் மாதத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு இருவர் வரத்தான் செய்தார்கள். மூப்பர் அவர்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார், அவர்களும் வந்தார்கள். ஆண்டு விடுப்பையும் இப்படியே, மாற்று ஊழியர் யார் என்பதைச் சேர்த்து முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். கிறிஸ்மஸும் கடைசி நாள் இரவு ஆராதனையும் புத்தாண்டு ஆராதனையும் அடுத்தடுத்து வந்து முடிகிற ஜனவரி முதல் வாரத்தில் அவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது, போதகர் தன் மனத்தைத் திறந்து பேச ஓர் ஆள். இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. பணிமாற்றத்தைத் தீர்மானிக்கும் அதிகாரியையே ஆலோசகராகவும் வைத்தால், எந்தப் போதகரும் அவரிடம் உண்மை நிலையைச் சொல்லத் துணிய மாட்டார். தன் எதிர்காலத்தின் மீது அதிகாரம் இல்லாத ஒருவர், அதாவது பக்கத்துத் திருமண்டலத்தின் ஓய்வுபெற்ற ஆயர், பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர், வேறொரு சபைப்பிரிவின் மூத்த ஊழியர் போன்றவர்களில் ஒருவர், மாதம் ஒரு முறையேனும் அவருக்குக் கிடைக்க வேண்டும். செலவு இருந்தால் சேகரம் ஏற்கட்டும். ஆனால் என்ன பேசினார்கள் என்று கேட்கும் உரிமை கமிட்டிக்கு இல்லை. நான்கைந்து ஊழியர்கள் சேர்ந்து மாதம் ஒரு காலைப்பொழுது, எவருடைய சபை வளர்ந்தது என்ற பேச்சே இல்லாமல், ஒருவருக்காக ஒருவர் ஜெபித்துத் தேநீர் குடித்துப் பிரிவதும் பெரிய மருந்து.

போதகரின் மனைவியான ஐயரம்மாவையும் பிள்ளைகளையும் பற்றிச் சில வரிகளாவது சொல்லாமல் போக முடியாது. சம்பளமில்லாமல் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் ஓய்வுநாள் பள்ளியையும் நடத்த வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்கிறோம். சேலை சற்றே நன்றாக இருந்தாலும் பேசுகிறோம், மங்கியிருந்தாலும் பேசுகிறோம். போதகரின் பிள்ளை மதிப்பெண் குறைந்தால் அது சபைச் செய்தியாகிவிடுகிறது. இந்தப் பேச்சு எழும் இடத்திலேயே அதை நிறுத்துவதற்கு ஒரு மூத்த பெண்மணி போதும். அப்படி ஒருவர் எங்கள் சங்கத்தில் இருந்தார், அவர் எழுந்து நின்றால் பேச்சு தானாக நின்றுவிடும்.

அறிகுறிகள்

தொடர்ந்து இரண்டு வாரமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நேரம் மனம் கனத்திருப்பது, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டமில்லாமல் போவது, விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே விழித்துப் பிறகு உறங்க முடியாமல் கிடப்பது, பசியும் எடையும் மாறுவது, சிறு முடிவைக்கூட எடுக்க முடியாதது, தான் யாருக்கும் பயனற்றவன் என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். ஊழியரிடம் இவை வேறு உடை அணிந்து வரும். வேதத்தைத் திறந்தால் எழுத்து மனத்தில் ஏறவில்லை என்பார். ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்பார். மன்னிக்கப்படாத பாவம் ஏதோ தன்னிடம் இருக்கிறது என்று துருவித் துருவித் தேடுவார். இதை ஆவிக்குரிய வறட்சி என்று மட்டும் எண்ணி இன்னும் அதிகமாக உபவாசிக்கச் சொன்னால், உணவும் உறக்கமும் குறைந்து நோய் முற்றும். கமிட்டியில் ஒருவருக்கு இந்த மாற்றம் கண்ணில் பட்டால், கூட்டத்தில் எழுப்பாமல், அவர் மதிக்கிற ஒருவர் தனியாகச் சென்று, “ஐயா, உங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டு வந்திருக்கிறேன், டாக்டரிடம் நானும் கூட வருகிறேன்” என்று சொல்ல வேண்டும். “கூட வருகிறேன்” என்ற அந்தச் சொல்தான் பலரை வீட்டு வாசல் தாண்ட வைக்கிறது.

பிரசங்க பீடமும் ஜெபக்குறிப்பும்

சபைக்கு மனநோயைக் குறித்த மொழியைப் பிரசங்க பீடம்தான் கற்றுக்கொடுக்கிறது. “உண்மையான விசுவாசிக்குச் சோர்வு வராது” என்று ஒரு ஞாயிறு சொல்லப்பட்டால், நோயுற்றவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வாய் திறக்க மாட்டார். இராஜாக்களின் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கியுங்கள். கர்மேல் மலையில் வெற்றி கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த சில நாள்களிலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து, மறுபடி உறங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். பிரயாணம் வெகுதூரம் என்பதைத் தூதன் ஒத்துக்கொள்கிறார். பின்னர் உடன் ஊழியனாக எலிசாவும் கிடைக்கிறார். அதுபோல 88ஆம் சங்கீதம், தோழரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு, ஆறுதல் வசனம் எதுவும் இல்லாமலே முடிகிறது. அதையும் வேதப்பாடமாக வாசிக்கலாம். லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன், 1856இல் தம் 22ஆம் வயதில், சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கில் அவர் ஆராதனை நடத்தியபோது தீ என்று எழுந்த பொய்க் கூச்சலால் நெரிசலில் 7 பேர் இறந்ததைக் கண்டு நிலைகுலைந்தார். வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வோடு போராடியதைத் தம் மாணவர்களிடம் மறைக்காமல் பேசினார். இத்தகைய செய்தியைப் போதகர் தம் வாயால் சொல்லும்போது, பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஜெபக்குறிப்பு வழியாக இரகசியம் கசிவது நம் சபைகளின் பழைய வியாதி. “இன்னார் மகளுக்காக ஜெபியுங்கள், மனம் சரியில்லை” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் போடுகிறார். மாலைக்குள் அந்தப் பெண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போய்விடுகிறது. சம்பந்தப்பட்டவர் தாமே அனுமதி தராமல் பெயரையோ ஊரையோ வெளியிடக் கூடாது என்று விதி வகுத்து, குழுவை நடத்துபவரிடம் அதைக் காக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் குடும்பத்தாருக்கோ மருத்துவருக்கோ சொல்லியே ஆக வேண்டும். குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். சபைக்குள்ளேயே பேசி முடிப்பது குற்றம். பேச வருகிறவரிடம் இந்த எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

ஜெபமும் மாத்திரையும்

ஒரு தாய், மனச்சிதைவு நோய்க்காக மகன் சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆராதனை முடிந்ததும் வந்தார். வெளியூர்க் கூட்டம் ஒன்றில் சுகம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்களாம். இனி இது வேண்டாம் என்று ஜெபித்து வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். எங்கள் ஐயர் அந்த அட்டையின் மேலேயே கைவைத்து, இதைத் தந்த மருத்துவருக்காகவும் இதைச் சாப்பிடும் பிள்ளைக்காகவும் ஜெபித்து, மறுபடி கைக்குட்டையில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தார். “நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும் அம்மா, அவர் சொல்கிற நாளில் நாம் ஸ்தோத்திர ஜெபம் வைப்போம்” என்றார். அந்த அம்மா வாக்குவாதம் செய்யாமல் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதில் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டிய மருத்துவ உண்மைகள் சில உண்டு. மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம்வரையோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே மூன்றாம் நாளே பயனில்லை என்று விடக் கூடாது. சுகமானதாகத் தோன்றும்போது தானாக நிறுத்தினால் நோய் திரும்பும். இருமுனை மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களுக்கு உறக்கம் கெடுவதே நோயைத் தூண்டிவிடும் என்பதால், முழு இரவு ஜெபத்துக்கு அவர்களை வற்புறுத்தாமல், பத்து மணிக்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்நோய்க்கான மருந்தான லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர்கூட அருந்தாமல் உபவாசித்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சு நிலைக்கு உயரும் ஆபத்து உண்டு. அவர் வேறொன்றை விட்டு உபவாசிக்கட்டும் என்று போதகரே சொல்லிவிட்டால் குற்ற உணர்வு எழாது. வலிப்பை அசுத்த ஆவி என்று கருதி நாள் கடத்துவதும் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

நோயுற்றவரைக் கட்டிவைத்து ஜெபிக்கும் இடங்களுக்கு எந்தச் சபையும் ஆள் அனுப்பக் கூடாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையம் அதே சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இதற்கு நேர் எதிரான மரபும் நம்மிடையே உண்டு: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுத்தார்கள். சபை எந்த மரபைப் பின்பற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இன்னொன்று, “கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்” என்ற ஆலோசனை. திருமணம் மனநோய்க்கு மருந்தாகாது. நோயை மறைத்து நடத்தும் திருமணம் இரண்டு பேரின் வாழ்வைச் சிதைக்கிறது. திருமண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிக்கும் முன்பே போதகர் இரு வீட்டாரிடமும் இதைக் கேட்கும் உரிமையுள்ளவர், கேட்கவும் வேண்டும்.

உயிர் ஆபத்து

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவின்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். ஒவ்வொரு சபையும் இதில் ஒருவரையேனும் அறிந்திருக்கும். ஒருவர் விடைபெறுவதுபோல் பேசினால், பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், தான் எல்லாருக்கும் பாரம் என்று சொன்னால், சுற்றி வளைக்காமல், “உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. பலருக்கு அந்தக் கேள்வியே மூச்சுவிட இடம் தருகிறது. ஆம் என்றால் தனியே விடாமல் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மிகுதியான மாத்திரைகளையும் அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. நெல்லைப் பக்கத்தார் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. இந்த எண்களை ஆலய அறிவிப்புப் பலகையிலும், தனியாக நின்று பார்க்க வசதியாகக் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகையில் எண்ணைக் குறித்துக்கொள்ளப் பலர் கூச்சப்படுவார்கள்.

முயன்று பிழைத்தவர் மீது வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் குடும்பங்களுக்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

இறந்துபோனவரின் வீட்டில் போதகர் பேசும் பத்து நிமிடம் அந்தக் குடும்பத்தின் மீதி வாழ்நாள் முழுவதும் ஒலிக்கும். எப்படி இறந்தார் என்று விவரிக்க வேண்டாம். அவர் போன இடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு தற்கொலை செய்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. சீர்திருத்தச் சபைகளிலும் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் ஒதுக்கும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் கமிட்டி அதைத் தீர்மானம் போட்டே நீக்கட்டும். நாற்பதாம் நாள் கழிந்த பிறகுதான் அந்த வீட்டின் வாசல் வெறிச்சோடும். வீடு சந்திப்பு தேவைப்படுவது அப்போதுதான். பிரசவம் முடிந்து மூன்று நான்கு வாரமான இளம் தாயின் வீட்டுக்கும் ஐக்கிய சங்கப் பெண்கள் குழந்தையைப் பார்க்கப் போகும்போது, தாய் தூங்குகிறாளா, அழுதுகொண்டே இருக்கிறாளா என்று பார்த்து வர வேண்டும்.

செவிகொடுக்கும் குழு ஒன்றை அமைக்க விரும்பும் சபைகள், நன்றாகப் பேசுகிறவர்களைத் தேடாமல், பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்த ஆணும் பெண்ணுமாக நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஆலோசனை சொல்லாமலும் வசனத்தால் வாயடைக்காமலும் அரைமணி நேரம் கேட்பதும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப்போவதும் மட்டுமே அவர்கள் வேலை. மருத்துவமனையில் சேர்ந்தவரை, மாரடைப்பு வந்தவரைப் பார்க்கப் போவதுபோலவே, அவர் விருப்பத்தைக் கேட்டுவிட்டுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஐயருக்கு மருத்துவர் இரண்டு மாத ஓய்வு எழுதிக் கொடுத்தார். என்ன காரணம் சொல்வது என்று கமிட்டி தடுமாறியபோது, “மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை எடுக்கிறேன் என்றே வாசியுங்கள்” என்று அவரே சொல்லி அனுப்பினார். அது அவருடைய தீர்மானம், எவரையும் அப்படிச் சொல்ல வற்புறுத்தக் கூடாது. சம்பளம் குறையாமல் வந்தது. திரும்பியபோது எல்லாப் பொறுப்பையும் ஒரே நாளில் தலையில் ஏற்றாமல், முதல் ஞாயிறு ஆசீர்வாதம் மட்டும், அடுத்த ஞாயிறு வேதப்பாடம், நான்காம் ஞாயிறு திருவிருந்து, ஆறாம் ஞாயிறு பிரசங்கம் என்று மருத்துவரைக் கேட்டே வரிசை அமைத்தோம். அறிவிப்பு வாசிக்கப்பட்ட அந்த ஞாயிறு தொடங்கி அவர் பிரசங்க பீடம் ஏறிய ஞாயிறு வரைக்குள், மூன்று குடும்பங்கள் தனித்தனியே என்னிடம் வந்து அந்த மருத்துவரின் முகவரியைக் கேட்டு வாங்கிச் சென்றன.